நுண்ணியல் பொருளியல்: அரிசிக் கடையும் ரப்பர்த் தோட்டமும் தரும் பயிற்சிக் கணக்குகள்

ஆறாம் படிவத்தில் பொருளியலைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவர்கள், தொடக்கத்திலேயே நுண்ணியல் பொருளியலைச் சந்திக்கின்றனர். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, வாய்ப்புச் செலவு, இறுதிநிலைச் செலவு ஆகிய சொற்களுக்குரிய விளக்கங்களை அவர்கள் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். வரைபடங்களையும் பிழையின்றி வரைந்துவிடுகின்றனர். ஆயினும், தேர்வுத் தாளில் ஒரு நிகழ்ச்சியைக் கூறி, இதனால் சந்தையில் என்ன நேரும் என்று வினவினால் தடுமாறிப் போகின்றனர். பாடநூல்களின் எடுத்துக்காட்டுகள் ஆப்பிளையும் பீட்சாவையுமே சுற்றி வருவது அதற்கு ஒரு காரணமாகலாம். நம் வீட்டு அடுப்பிலும் நம் முன்னோர் உழைத்த தோட்டங்களிலும் இதே பாடம் நடந்திருக்கிறது. ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்கள் நன்கறிந்த செய்திகளிலிருந்து சில கணக்குகளை ஈண்டு அமைத்துள்ளோம்.

எந்தக் கணக்காயினும் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. எது அசைந்தது என்பது ஒன்று. அதாவது தேவைக் கோடா, அளிப்புக் கோடா, அல்லது இரண்டும் இருந்த இடத்தில் இருக்கச் சட்டம் மட்டும் குறுக்கே வந்ததா? அந்த அசைவின் சுமை யார் தோளில் இறங்கியது என்பது மற்றொன்று. முதற் கேள்வியைப் பலர் கேட்கின்றனர். இரண்டாவதைக் கேட்பவர் குறைவு. தேர்வாளர்கள் கூடுதல் புள்ளி வழங்குவது பெரும்பாலும் இரண்டாவதற்கே.

ஆண்டுகளும் நிகழ்ச்சிகளும் உண்மையானவை. கணக்கைச் சுருக்கிக் காட்டுவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்கள் எவை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

படிப்பின் விலை

எஸ்.பி.எம். தேர்வில் தேறிய கிள்ளான் மாணவி ஒருவர் முன் இரு வழிகள் உள்ளன. ஆறாம் படிவம் செல்வது ஒன்று. அதற்கு ஏறத்தாழ 18 மாதங்கள் பிடிக்கும். தொழிற்சாலையில் சேர்ந்து குறைந்தபட்ச ஊதியம் பெறுவது மற்றொன்று. அவ்வூதியம் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்களில் 2025 பிப்ரவரி முதல் நாளிலிருந்தும், எல்லா நிறுவனங்களிலும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்தும் மாதம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. பேருந்துக் கட்டணம், நூல்கள், தேர்வுச் செலவு எல்லாம் சேர்த்து 18 மாதங்களுக்கு 2,400 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு மாதம் 300 வெள்ளி. படிப்பின் உண்மையான செலவு என்ன?

சாப்பாட்டுச் செலவைச் சேர்த்துவிடும் மாணவர்கள் பலர். படித்தாலும் உண்ண வேண்டும், வேலைக்குப் போனாலும் உண்ண வேண்டும். இரு வழிகளிலும் ஒன்றாகவே வரும் செலவு இந்தத் தீர்மானத்தில் இடம்பெறாது. அதற்கு மாறாக, எவருடைய கைக்கும் வராத, எந்தப் பற்றுச்சீட்டிலும் தோன்றாத ஒரு தொகை இங்கே முதன்மை பெறுகிறது. கைவிட்ட ஊதியம்: 1,700 வெள்ளியை 18ஆல் பெருக்கினால் 30,600 வெள்ளி. அதனுடன் 2,400 சேர, மொத்தம் 33,000 வெள்ளி. இதுவே வாய்ப்புச் செலவையும் உள்ளடக்கிய செலவு. 'அரசாங்கப் பள்ளிதானே, செலவு என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் 2,400ஐ மட்டுமே காண்கின்றனர். 'பிள்ளையைப் படிக்கவைக்க வழியில்லை' என்று தயங்கும் தாய் தந்தையர், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், அந்த 30,600ஐக் கண்டுவிட்டவர்கள். அவர்களுடைய தயக்கத்தை அறியாமை என்று எவரேனும் எழுதினால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இனி, ஆறாம் படிவம் முடித்தவருக்கு மாதம் 500 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்று கொண்டால், 33,000ஐ 500ஆல் வகுக்க 66 மாதங்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகளில் செலவு மீண்டுவிடும். வட்டியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. கூர்மையான மாணவர், ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டையும் சேர்க்க வேண்டும் என்பார். சேர்த்துப் பார்ப்போம். கைவிட்ட ஊதியம் 34,578 ஆகிறது. ஆனால் மாத வேறுபாடும் 565 ஆகிறது. 36,978ஐ 565ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65 மாதங்கள். விடை அதிகம் மாறவில்லை. ஒரு பக்கத்தில் சேர்த்ததை மறுபக்கத்திலும் சேர்க்க மறந்திருந்தால் 74 மாதங்கள் என்று வந்திருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் உணவகம்

கோலாலம்பூர் நகரம் எழும்புவதற்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த சூளைகளால் பெயர் பெற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ். பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாயிற்று. 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' என்னும் பெயரில் திறப்பு விழாவும் கண்டது. அங்கே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று காலை 6 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலும், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலும் திறந்திருப்பதாகக் கொள்வோம். மாத வாடகை 9,600 வெள்ளி. இடைப்பட்ட நான்கு மணி நேரமும் திறந்தால் நாளொன்றுக்கு 260 வெள்ளி வசூலாகும். கூடுதல் ஆள் கூலி, எரிவாயு, மளிகை ஆகியவற்றுக்கு 200 வெள்ளி செலவாகும். கணக்குப் பிள்ளை வாடகையைப் பதினாறு மணி நேரத்துக்குப் பங்கிட்டு, மணிக்கு 20 வெள்ளி வீதம் இந்த நான்கு மணிக்கு 80 வெள்ளி சேர்த்து, 'நாளொன்றுக்கு 20 வெள்ளி நட்டம். திறக்க வேண்டாம்' என்கிறார். சரியா?

சரியன்று. திறந்தாலும் மூடினாலும் அந்த வாடகை மாறாது. திறப்பதனால் கூடும் வரவு 260, கூடும் செலவு 200. ஆகவே 60 வெள்ளி மிஞ்சும். ஆனால் இங்கே நிறுத்திவிடலாகாது. பிற்பகலில் வந்து உண்போருள் சிலர் இதற்கு முன் மாலையில் வந்துகொண்டிருந்தவர்களாக இருக்கலாம். 260இல் 90 வெள்ளி அப்படி இடம் மாறிய வரவு என்றும், அதனால் மாலையில் 40 வெள்ளி மளிகை மிஞ்சுகிறது என்றும் கொண்டால், 60இலிருந்து 50 கழிந்து 10 வெள்ளியே எஞ்சும். கடைக்காரர் தாமே நின்று பரிமாறுபவராயின், அந்த நான்கு மணி ஓய்வை அவர் 10 வெள்ளிக்கு விற்கச் சம்மதிப்பாரா என்பதையும் கேட்க வேண்டும். இறுதிநிலைச் செலவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி கிடைக்காத மாதங்கள்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உள்நாட்டு வெள்ளை அரிசியைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் நிர்ணயித்திருந்த உச்ச விலை கிலோ 2 வெள்ளி 60 காசு. பத்துக் கிலோ மூட்டை 26 வெள்ளி. இறக்குமதி அரிசிக்கு அத்தகைய உச்ச விலை இல்லை. அவ்வாண்டு ஜூலை 20ஆம் நாள் இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தையில் விலை ஏறிற்று. செப்டம்பர் முதல் நாள் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை மெட்ரிக் டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. இது 36 விழுக்காட்டு உயர்வு. அதன் பின்னர் உள்நாட்டு அரிசி கடைகளில் அரிதாயிற்று. நம் வயல்களிலோ அந்த மாதங்களில் பெருவெள்ளமும் இல்லை, பெரும் பஞ்சமும் இல்லை. பிறகு ஏன்?

எது அசைந்தது என்று கேட்போம். 'அரிசி குறைந்துவிட்டது; ஆகவே அளிப்புக் கோடு இடப்புறம் நகர்ந்தது' என்று எழுதும் மாணவர் தவறுகிறார். உள்நாட்டு அரிசியும் இறக்குமதி அரிசியும் ஒன்றுக்கொன்று பதிலீட்டுப் பொருள்கள். ஒன்றின் விலை ஏறினால் மற்றதன் தேவைக் கோடு வலப்புறம் நகரும். இறக்குமதி அரிசி வாங்கிவந்த வீட்டாரும் உணவகத்தாரும் உள்நாட்டு அரிசியின் பக்கம் திரும்பினர். அசைந்தது தேவைக் கோடு. அசைய முடியாமல் நின்றது விலை.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் வாரந்தோறும் உள்நாட்டு அரிசிக்குரிய தேவை, 1,020 கிலோவிலிருந்து விலையின் 200 மடங்கைக் கழித்தால் வருவது என்று கொள்வோம். அளிப்பு, 110 கிலோவுடன் விலையின் 150 மடங்கைக் கூட்டினால் வருவது. விலை 2.60 ஆயின் தேவையும் 500 கிலோ, அளிப்பும் 500 கிலோ. உச்ச விலையும் சமநிலை விலையும் ஒன்றாக இருக்கும் வரை சட்டம் இருப்பதே எவருக்கும் தெரிவதில்லை. இப்போது இறக்குமதி அரிசியின் விலையேற்றத்தால் ஒவ்வொரு விலையிலும் தேவை 140 கிலோ கூடுகிறது. புதிய தேவை 1,160 கழித்தல் விலையின் 200 மடங்கு. உச்ச விலை இல்லாதிருந்தால் சமநிலை எங்கே அமையும்? 1,050ஐ 350ஆல் வகுக்க, கிலோ 3 வெள்ளி. விற்பனை 560 கிலோ. உச்ச விலை 2.60இல் நிற்பதால் கேட்போர் கேட்பது 640 கிலோ, கொண்டுவருவோர் கொண்டுவருவது 500 கிலோ. பற்றாக்குறை 140 கிலோ.

பெரும்பாலோர் இங்கே எழுதுகோலை வைத்துவிடுவார்கள். நாம் மேலும் ஒரு படி செல்வோம். கிடைக்கின்ற அந்த 500 கிலோவைப் பெறுவதற்கு மக்கள் எவ்வளவு தரத் தயாராக இருக்கிறார்கள்? புதிய தேவைச் சமன்பாட்டில் 500ஐ வைத்தால், விலை 3 வெள்ளி 30 காசு. கடையில் எழுதியிருப்பது 2.60. இடையே உள்ள 70 காசு மறைந்துவிடவில்லை. காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு அரிசி தேடிப் பேருந்தில் வருபவருக்கு அது பயணக் கட்டணமாகவும், வரிசையில் நிற்பவருக்கு அது நேரமாகவும் மாறுகிறது. மனச்சான்று குறைந்த வணிகருக்கு அது ஓர் ஆசையாகவும் மாறக்கூடும். 26 வெள்ளி மூட்டையை அவிழ்த்து, விலைக் கட்டுப்பாடு இல்லாத இறக்குமதி அரிசி என்னும் பெயர் பொறித்த பையில் கட்டி விற்றால் இலாபம் கிட்டும் அல்லவா? அத்தகைய கலப்படம் நடைபெறுவதாக அந்நாளில் புகார்கள் எழுந்ததும், அதிகாரிகள் சோதனை நடத்தியதும் நாடறிந்தவை.

அப்படியானால் உச்ச விலை கூடாது என்பதா விடை? அவசரப்பட வேண்டாம். சுமை யார் மீது என்னும் இரண்டாம் கேள்வி எஞ்சியிருக்கிறது. விலை 3 வெள்ளியானால் 560 கிலோ விற்கும். ஆயினும் ஏழைக் குடும்பம் மாதம் வாங்கும் ஒவ்வொரு பத்துக் கிலோ மூட்டைக்கும் 4 வெள்ளி கூடுதலாகத் தர வேண்டும். உச்ச விலையால், வரிசையில் முந்தி நின்றவருக்கு 26 வெள்ளிக்கே மூட்டை கிடைக்கிறது. பிந்தியவர் விலையேறிய இறக்குமதி அரிசியை வாங்குகிறார். முன்னதில் சுமை பணமில்லாதவர் மீது இறங்குகிறது. பின்னதில் நேரமில்லாதவர் மீது இறங்குகிறது. பொழுது சாயும் வரை வேலை செய்துவிட்டுக் கடைக்கு வரும் தொழிலாளிக்குப் பல சமயங்களில் இவ்விரண்டும் இல்லை. விளைவிப்பவருக்கு மானியம், வறியவருக்கு நேரடி உதவித் தொகை ஆகிய வேறு வழிகளையும் அவற்றின் செலவோடு ஒப்பிட்டு எழுதும் விடையே முழு விடை.

ஸ்டீவன்சன் திட்டமும் நெகிழ்ச்சியும்

ரப்பர்த் தோட்டத்தை விட நெகிழ்ச்சியைக் கற்பிக்க நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நட்ட பால்மரம் வெட்டுக்கு வர ஆறு ஆண்டு அளவாகிறது. இன்று விலை ஏறினால் நாளைக்கே பால் பெருகாது. விலை இறங்கினால் நிற்கும் மரத்தைச் சுருட்டி வைக்கவும் இயலாது. குறுகிய காலத்தில் அளிப்பு நெகிழ்ச்சியற்றது. தேவையும் அவ்வாறே: மோட்டார் வண்டியின் விலையில் டயரின் பங்கு சிறிது. ஆதலால் சிறு அசைவும் விலையைப் பெரிதாக ஆட்டிவிடும்.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1922 நவம்பரில் பிரிட்டிஷ் ஆட்சி ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் தம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா, அதில் சேரவில்லை. 1925இல் ராத்தல் விலை நான்கு ஷில்லிங்கையும் தாண்டிற்று. 1928 நவம்பர் முதல் நாள் திட்டம் கைவிடப்பட்டது. உச்சத்தில் ஏறிய ஒரு திட்டம் மூன்றே ஆண்டுகளில் ஏன் கைவிடப்பட்டது?

கணக்குக்காக, உலக ரப்பரில் 100 பங்கில் 70 திட்ட நாடுகளுடையது, 30 மற்றவர்களுடையது என்று கொள்வோம். திட்ட நாடுகள் தம் ஏற்றுமதியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 70 என்பது 56 ஆகும். உலக அளிப்பு 86 ஆகும். குறைவு 14 விழுக்காடு. தேவையின் நெகிழ்ச்சி 0.35 என்றால், விலை 14ஐ 0.35ஆல் வகுத்துக் கிடைக்கும் 40 விழுக்காடு ஏறும். பழைய விலை 100 என்றால் புதிய விலை 140. திட்ட நாடுகளின் வருவாய் 7,000இலிருந்து 7,840 ஆகிறது. குறைவாக விற்று அதிகமாகப் பெற்றாயிற்று. அதே வேளையில், எதையும் குறைக்காத மற்றவர்களின் வருவாய் 3,000இலிருந்து 4,200 ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தியாகம் செய்தவருக்கு 12 விழுக்காடு, செய்யாதவருக்கு 40 விழுக்காடு!

ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்ச்சி கூடுகிறது. உயர்ந்த விலையைக் கண்டு டச்சுத் தீவுகளின் சிறு தோட்டக்காரர்கள் மேலும் வெட்டினர், மேலும் நட்டனர். அமெரிக்காவில் பழைய ரப்பரை உருக்கி மீண்டும் பயன்படுத்துவது பெருகிற்று. பயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல் லைபீரியாவில் தோட்டம் போட நிலம் பெற்றது; ஹென்றி ஃபோர்டு பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் தோட்டமே எழுப்ப முனைந்தார். நம் கணக்கில் மற்றவர்களின் 30 பங்கு 44 ஆக உயர்ந்துவிட்டால், உலக அளிப்பு மீண்டும் 100, விலையும் மீண்டும் 100. அப்போது திட்ட நாடுகளின் வருவாய் 56ஐ 100ஆல் பெருக்கி 5,600. தொடங்கிய 7,000க்கும் கீழே!

1934இல் ஏற்பட்ட பன்னாட்டு ஒப்பந்தத்தில் டச்சுத் தீவுகளையும் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இப்போது விளங்கும். ஆனால் அதற்கு முன்பே உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. 1932இல் இலண்டன் சந்தையில் ராத்தல் ரப்பர் சில பென்னிகளுக்கே விலைபோயிற்று. மரத்தின் அளிப்பு நெகிழவில்லை. தொழிலாளியின் கூலி நெகிழ்ந்தது. நாளொன்றுக்கு 50 காசு என்றிருந்த ஆண் தொழிலாளியின் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சுமை யார் மீது என்னும் கேள்விக்கு நம் குடும்பங்களில் பாட்டன்மார் வழி வந்த விடை அது.

பிற்காலத்தில் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் ஒன்று சேர்ந்து 1979இல் இயற்கை ரப்பர் ஒப்பந்தம் செய்துகொண்டன. விலை தாழும்போது வாங்கிச் சேமிப்பதும், ஏறும்போது விற்பதும் அதன் முறை. அதற்கென அமைந்த பன்னாட்டு அமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரிலேயே இருந்தது. ஆசிய நாணய நெருக்கடிக்குப் பின் 1999இல் அது முடிவுக்கு வந்தது.

கூலியை நிர்ணயிப்பவர் ஒருவரே எனில்

'குறைந்தபட்ச ஊதியம் வேலையின்மையை உண்டாக்கும்' என்று பாடநூலில் ஒரு வரி காணப்படும். அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைப் பழைய தோட்டம் ஒன்றை வைத்துக் கணக்கிடுவோம். வீடும் தோட்டத்தினுடையது, அருகில் வேறு வேலையும் இல்லை. தோட்ட முதலாளிகள் தம் சங்கங்களில் கூடிப் பேசி ஒரே அளவான கூலியை வைத்துக்கொள்வதும் அக்காலத்து நடைமுறை. எனவே கூலிச் சந்தையில் வாங்குவோர் ஒருவரே என்று சொல்லலாம்.

நாளொன்றுக்கு 40 காசு கொடுத்தால் நால்வர் வேலைக்கு வருவர். 44 காசுக்கு ஐவர். 48 காசுக்கு அறுவர். 52 காசுக்கு எழுவர் என்று வைத்துக்கொள்வோம். கூலி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான்காம் ஆள் தோட்டத்திற்கு ஈட்டித்தருவது 70 காசு, ஐந்தாம் ஆள் 66, ஆறாம் ஆள் 62, ஏழாம் ஆள் 54. முதலாளி எத்தனை பேரை அமர்த்துவார்?

நால்வருக்கு மொத்தக் கூலி 160 காசு, ஐவருக்கு 220, அறுவருக்கு 288, எழுவருக்கு 364. ஐந்தாம் ஆளால் கூடும் செலவு 60 காசு. அவர் தருவது 66. அமர்த்தலாம். ஆறாம் ஆளால் கூடும் செலவு 68 காசு. அவருக்குக் கொடுப்பது 48 மட்டுமே. ஆயினும் முன்னவர் ஐவருக்கும் நான்கு நான்கு காசு கூட்ட வேண்டியிருப்பதால் 68 ஆகிவிடுகிறது. அவர் தருவதோ 62. அமர்த்த மாட்டார். ஆகவே ஐவர், கூலி 44 காசு. ஐந்தாம் ஆள் 66 காசு ஈட்டித்தந்து 44 காசு பெறுகிறார்.

இப்போது 52 காசுக்குக் குறைந்து எவருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வருகிறது. எழுவரும் வரத் தயார். இனி ஓர் ஆளைக் கூடுதலாக அமர்த்துவதன் செலவு 52 காசு மட்டுமே; பழையவர்களுக்குக் கூட்ட வேண்டிய தேவை இல்லை. ஏழாம் ஆள் 54 காசு தருவதால் அவரும் அமர்த்தப்படுவார். கூலியும் ஏறிற்று, வேலையும் ஐவரிலிருந்து எழுவருக்குப் பெருகிற்று. சட்டம் 64 காசு என்றால் ஐந்தாம் ஆளோடு நின்றுவிடும்; 70 காசு என்றால் நால்வரே மிஞ்சுவர். எனவே பாடநூல் வரி பொய்யன்று. அளவு மீறினால் அது மெய்யாகிறது. ஆனால் ஊதியத்தை உயர்த்தினாலே வேலை போய்விடும் என்பதற்கு அந்த வரி சான்றாகாது. கூலி உயர்வு கேட்டு 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தையும், 1954இல் தோட்டத் தொழிலாளர்கள் தேசியச் சங்கமாக ஒன்றுபட்டதையும் வரலாற்றுப் பாடத்தில் படிப்பவர்கள் இக்கணக்கை அருகே வைத்துக்கொள்ளலாம். வாங்குவோர் ஒருவராகும்போது விற்போரும் ஒருவராவது அங்கே நடந்தது. தேசியக் குறைந்தபட்ச ஊதியம் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளியாக 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

தாமே செய்து பார்க்க மூன்று கணக்குகள்

முதலாவது. செம்பனைப் பூக்களில் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலையைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் செய்துவந்தனர். அவர்களுள் பெண்கள் பலர். 1981இல் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் அருகே விடப்பட்டது. விரைவில் தீபகற்பமெங்கும் பரவிய அவ்வண்டு அந்த வேலையைக் கூலியின்றிச் செய்தது, காய்ப்பும் கூடிற்று. பனை எண்ணெய்ச் சந்தை, மகரந்தம் தூவும் ஆள்களின் சந்தை, குலை வெட்டும் ஆள்களின் சந்தை ஆகிய மூன்றிலும் எந்தக் கோடு எத்திசையில் நகரும்?

இரண்டாவது. 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் இந்தியா புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காட்டு வரி விதித்தது. இட்லிக்கும் தோசைக்கும் அதையே நாடும் நம் வீடுகளில் தேவையின் நெகிழ்ச்சி 0.5 என்றும், அளிப்பின் நெகிழ்ச்சி 1.5 என்றும் கொண்டால், வரியில் எவ்வளவு நம் மீது விழும்?

மூன்றாவது. 2022 பிப்ரவரியில் கோழிக்கு உச்ச விலை தீபகற்பத்தில் கிலோ 8 வெள்ளி 90 காசாக இருந்தது. தீவன விலை ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் முதல் நாள் கோழி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. ஜூலை முதல் நாள் உச்ச விலை 9 வெள்ளி 40 காசாயிற்று. இம்மூன்றில் எவை கோட்டை நகர்த்தின, எது நகர்த்தவில்லை?

விடைகள். முதலாவதில், எண்ணெயின் அளிப்பு வலப்புறம் நகரும்; பிற யாவும் மாறாதிருப்பின் விலை இறங்கும். மகரந்தம் தூவுவோருக்கான தேவை ஏறத்தாழ இல்லாமற் போகும். குலைகள் பெருகுவதாலும் எடை கூடுவதாலும் வெட்டுவோருக்கான தேவை வலப்புறம் நகரும். வேலை இழந்தவரும் வேலை பெற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதைச் சேர்த்து எழுதுக. இரண்டாவதில், 1.5ஐ இரண்டின் கூட்டுத் தொகையாகிய 2ஆல் வகுக்க நான்கில் மூன்று பங்கு. அதாவது 20 விழுக்காட்டில் ஏறத்தாழ 15 விழுக்காடு வாங்குவோர் மீதும், 5 விழுக்காடு அங்குள்ள உழவர், வணிகர் மீதும் விழும். அவ்வரி 2024 அக்டோபரில் முழுவதும் நீக்கப்பட்டது. மூன்றாவதில், தீவன விலை அளிப்புக் கோட்டை இடப்புறம் நகர்த்திற்று; ஏற்றுமதித் தடை உள்நாட்டுச் சந்தைக்கான அளிப்பை வலப்புறம் நகர்த்திற்று; உச்ச விலை மாற்றம் எந்தக் கோட்டையும் நகர்த்தவில்லை, அளிப்புக் கோட்டின் மீதே விற்போரை மேலே ஏறவிட்டது. கோழிக்கான விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் முதல் நாள் விலக்கப்பட்டது.